எந்த இலையிலும் நமக்குப் பந்தி இல்லை

2017 பிப்ரவரியில் கிளம்பிய ஒரு கேள்வி இன்னும் நம்ம ஆட்களிடையே அடங்கவில்லை. மாணவர் விடுதியில், நூலக வாசலில், தோழர்கள் கூடி டீ குடிக்கிற இடத்தில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: ‘எடப்பாடியா, ஓபிஎஸ்ஸா, சசிகலாவா, தினகரனா? இவங்கள்ல யார் கைக்குக் கட்சி போனா நம்ம சனத்துக்குக் கொஞ்சம் நல்லது?’ கேட்கிறவர்கள் விவரம் இல்லாதவர்கள் கிடையாது. அம்பேத்கரைப் படித்தவர்கள். பெரியாரோடு சண்டை போட்டுக்கொண்டே பெரியாரைப் படித்தவர்கள். இருந்தும் கேட்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. நம்ம வீடுகளில் அப்பாவோ பாட்டியோ யாராவது ஒருவர், கண்ணை மூடுகிறவரைக்கும் இரட்டை இலையைத் தவிர வேறு எதிலும் குத்தாதவராக இருந்திருப்பார். எம்.ஜி.ஆர். படத்தைச் சாமி படத்தோடு மாட்டி வைத்த குடிசைகளில்தான் நாம் பிறந்தோம். அந்தப் பாசம் ரத்தத்தில் இருக்கிறது. அதைக் கேலி பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆனால் கேள்வியின் உட்கிடக்கையைக் கொஞ்சம் பாருங்கள். பண்ணையார் செத்துப்போய் பாகப்பிரிவினை நடக்கும்போது பண்ணையாள் வாசலில் கைகட்டி நின்று, மூத்தவரா இளையவரா, எந்த மகன் பங்குக்குத் தன்னை எழுதுவார்கள் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. நம்ம கேள்வி அந்த வாசலில் நின்றுதான் கேட்கப்படுகிறது. வீட்டுக்குள்ளே என்ன பிரிக்கிறார்கள் என்று பார்க்காமல், யாருக்குப் பிரிக்கிறார்கள் என்று கேட்டு என்ன பிரயோசனம்?

அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் 1972இல் பிறந்தது. 1977இல் ஆட்சிக்கு வந்தது. 1977 முதல் எம்.ஜி.ஆர். சாகிறவரை இடையில் சில மாதம் போக பத்தாண்டு. ஜெயலலிதா காலத்தில் 1991–96, 2001–06. பிறகு 2011 முதல் 2021 வரை முழுதாகப் பத்தாண்டு. கூட்டினால் கிட்டத்தட்ட 30 வருஷம். ஒரு தலைமுறை பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றுவிடுகிற காலம். இந்த 30 வருஷத்து வரவு செலவை யார் எடுத்துப் பார்க்கிறார்கள்? பத்திரிகைக்காரர்களுக்கு யார் யாரைக் கட்சியை விட்டு நீக்கினார் என்பது போதும். நமக்குப் போதாது.

முதல் பக்கத்திலேயே ரத்தம். ஆட்சிக்கு வந்து ஓராண்டு முடிந்த கையோடு, 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். படகோட்டியாகவும் ரிக்‌ஷாக்காரனாகவும் மாட்டுக்காரனாகவும் திரையில் வந்து நம்மைக் காப்பாற்றியவர் கோட்டையில் இருந்தார். 1981இல் மீனாட்சிபுரத்தில் நம்ம சனம் கூட்டமாக இஸ்லாத்துக்குப் போனபோது டெல்லி வரைக்கும் அலறினார்கள். எதுக்குப் போனார்கள் என்று கேட்டவர்கள் குறைவு, யார் காசு கொடுத்தது என்று கேட்டவர்கள்தான் அதிகம். 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் சாலை மறியல் நடந்தது. போலீஸ் சுட்டதில் செத்தவர்கள் வன்னிய ஏழைகள். அதே வாரத்தில் வட மாவட்டங்களில் எரிந்தவை சேரிக் குடிசைகள். சுடப்பட்டவர்களுக்கு நினைவுத்தூண்கள் இருக்கின்றன, இருக்கட்டும், அது நியாயம். எரிந்த குடிசைகளுக்குக் கணக்குக்கூட இல்லை.

சத்துணவை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்வீர்கள். மறக்கவில்லை. 1982இல் வந்த சத்துணவைத் தின்றுதான் நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். 1994இல் 69 சதவீத இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் போட்டு அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றியது ஜெயலலிதா அரசுதான். தனியார் கல்லூரியில் சேருகிற தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே கட்டும் என்று 2012இல் வந்த அரசாணை எண் 92ஐயும் சொல்லியாக வேண்டும். அந்த ஆணையால் எத்தனையோ கூலிக்காரர் பிள்ளைகள் இன்ஜினியரிங் கல்லூரிக்குள் கால் வைத்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு எழுதினால் அது பிரச்சாரம் ஆகிவிடும். ஆனால் ஒரு விஷயம். சத்துணவை வாங்கித் தின்ன பிள்ளைக்கு, தன் அம்மா சமைத்தால் ஊர்ப் பிள்ளைகள் தின்னமாட்டார்கள் என்று தெரிந்துபோனதும் அதே சத்துணவுக் கூடத்தில்தான். சோற்றைப் போட்ட அரசு, யார் சமைப்பது என்று வந்தபோது ஊரின் பக்கம் நின்றது. தலித் சமையலரை எத்தனை ஊரில் மாற்றல் போட்டு ‘பிரச்சினையை’த் தீர்த்தார்கள் என்பது அங்கங்கே இருக்கிற தோழர்களுக்குத் தெரியும். அந்த அரசாணை 92? அதை வெட்டியதும் இதே கட்சிதான். அம்மா செத்து ஒரு வருஷம் ஆகவில்லை, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த தலித் மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது என்று 2017இல் எடப்பாடி அரசு ஆணை போட்டது. அப்போது தர்மயுத்தக்காரர்கள் யாரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

1991–96 பற்றிப் பேசினால் ஆடம்பரக் கல்யாணத்தையும் ஊழல் வழக்கையும் பேசுகிறார்கள். நடுத்தர வர்க்கத்துக்கு அது போதும், பேசட்டும். நாம் பேச வேண்டியது மூன்று ஊர்களைப் பற்றி.

வாச்சாத்தி. 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் மலையடிவாரத்துப் பழங்குடிக் கிராமம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. ஜனங்களைத்தான் பிடித்துச் சிறையில் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29இல். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். முப்பத்தோரு வருஷம். ஒரு அரசாங்கத்தின் மூன்று துறைகள் ஒரு சின்ன ஊருக்குள் புகுந்து செய்த காரியம் இது. அந்த அரசாங்கத்தின் தலைமைக்கு இதில் என்ன பொறுப்பு என்று கட்சிக்குள் ஒருத்தராவது இன்றுவரை கேட்டதுண்டா?

காரணை. 1994. பஞ்சமி நிலத்தை மீட்கப் போன நம்ம சனம் அங்கே நிறுவிய அம்பேத்கர் சிலையை அகற்றினார்கள். அதைக் கேட்டு அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனவர்கள் மேல் சுட்டார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். வெள்ளைக்காரன் 1892இல் நமக்கு என்று ஒதுக்கிக் கொடுத்த நிலம் அது. அதைத் திருப்பிக் கேட்டதற்குச் சுதந்திர நாட்டில் குண்டு.

கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அறுநூறு போலீஸ்காரர்கள் அளவில் ஊருக்குள் இறங்கினார்கள். என்ன உடைத்தார்கள் என்று பட்டியலைப் பாருங்கள். டிவி, மின்விசிறி, டேப் ரிக்கார்டர், தையல் மெஷின், பைக். கிழித்தும் எரித்தும் போட்டது பாஸ்போர்ட்டுகள், பள்ளி கல்லூரிச் சான்றிதழ்கள். குடிதண்ணீர்க் கிணற்றில் விஷம். வெறும் கலவரத்தை அடக்கப் போனவன் தையல் மெஷினை எதற்கு உடைக்கிறான்? வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து, கல்வீடு கட்டி, யார் வயலிலும் குனியாமல் நிமிர்ந்த ஊர் கொடியன்குளம். அந்த நிமிர்வைத்தான் உடைத்தார்கள். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் மறுபடி துபாய்க்குப் போக முடியாது. சான்றிதழ் இல்லாவிட்டால் வேலைக்கு எழுதிப்போட முடியாது. வயலுக்குத்தான் திரும்ப வேண்டும். திட்டம் போட்டு ஒரு ஊரையே பின்னால் தள்ளிவிடும் வேலை. போலீஸ்காரனுக்குக் கோபம் வந்து ஏதோ செய்துவிட்டான் என்று இதைச் சொல்லிவிட முடியாது.

2001–06இல் என்ன? 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் இரண்டு தலித்துகளின் வாயில் மலத்தைத் திணித்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் ஜெயலலிதா அரசு அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. திண்ணியத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். மதமாற்றத் தடைச் சட்டம்! கட்டாய மதமாற்றத்துக்கு மூன்று வருஷம் சிறை. மாற்றப்பட்டவர் தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியாகவோ பெண்ணாகவோ இருந்தால் நாலு வருஷம், அபராதம் இரட்டிப்பு. அதாவது நமக்குச் சுயபுத்தி கிடையாது, எவனோ கையைப் பிடித்து இழுத்தால் போய்விடுவோம் என்று சட்டப்புத்தகத்திலேயே எழுதிவைத்தார்கள். வாயில் மலத்தைத் திணித்தால் எந்தச் சாமிக்கும் கோபம் வராது, வேறு சாமியைக் கும்பிட்டால் மட்டும் அரசாங்கத்துக்கே கோபம் வந்துவிடும். அடுத்த வருஷம் கிடாவெட்டுக்குத் தடை. நம்ம கருப்பனுக்கும் மாரிக்கும் என்ன படைக்கலாம் என்று போயஸ் தோட்டத்தில் தீர்மானித்தார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் மொத்தமாகத் தோற்கும் நிலை வந்தபிறகுதான் ரெண்டையும் வாபஸ் வாங்கினார்கள்; ஒன்று தேர்தலுக்கு முன்னே, ஒன்று பின்னே. தலைவர் தனித்தொகுதி என்று அறிவிக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்து வருஷம் ஒழுங்காகத் தேர்தலே நடக்கவில்லை. அதில் பாதி திமுக காலம், பாதி அதிமுக காலம். ஊர்க்காரர்கள் நிறுத்துகிற ஒரு தலித் ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். அரசு அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளும். 2006 அக்டோபரில், ஆட்சி மாறியபிறகு, தேர்தல் நடந்தது. நடத்த முடியாதது எதுவும் அதில் இருக்கவில்லை என்று அப்போதுதானே தெரிந்தது?

இனி 2011. செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். பரமக்குடி ஐந்துமுனைச் சந்திப்பில் போலீஸ் சுட்டும் அடித்தும் ஆறு பேர் செத்தார்கள். ஆட்சிக்கு வந்து நாலு மாசம். நீதிபதி சம்பத் தலைமையில் ஆணையம் போட்டார்கள். 2013இல் அதன் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது, துப்பாக்கிச் சூடு நியாயம் என்று. அடுத்து 2014 பிப்ரவரியில் முதல்வர் ஜெயலலிதா அதே ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வந்தார். பரமக்குடிக்கு அல்ல. பசும்பொன்னுக்கு. முத்துராமலிங்கத் தேவர் சிலைக்குக் கட்சி சார்பில் 13 கிலோவில் தங்கக் கவசம். நான் வங்கியில் எழுத்தர், நகைக்கடன் எழுதிப் பழகிய கை, தன்னால் கணக்குப் போடுகிறது: 1625 சவரன். குண்டு, அறிக்கை, தங்கம். மூன்று வருஷத்துக்குள் வரிசையாக. யாருடைய உயிர் என்ன விலை என்று இதைவிடத் தெளிவாக ஒரு கட்சி எழுதிக் கொடுக்க முடியாது.

அந்தக் கவசத்தின் கதையைத் தொடர்ந்து பாருங்கள், தலைமைச் சண்டையின் உள்விவகாரம் முழுதும் விளங்கிவிடும். கவசம் மதுரையில் ஒரு அரசுடைமை வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் அக்டோபரில் தேவர் ஜெயந்திக்கு எடுத்துக்கொடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். எடுக்கும் அதிகாரம் கட்சிப் பொருளாளருக்கு. ஜெயலலிதா இருந்தவரை பொருளாளர் பன்னீர்செல்வம் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவார். அம்மா போனதும் 2017இல் இந்த அணி வந்து நான்தான் என்றது, அந்த அணி வந்து நான்தான் என்றது. பெட்டகம் விஷயத்தில் வங்கிக்காரனுக்கு விதி ஒன்றுதான். இரண்டு பேர் வந்து நான்தான் முதலாளி என்றால் இரண்டு பேருக்கும் சாவி கிடையாது. 2022இல் மறுபடி அதே சண்டை, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், வருவாய்த்துறை அதிகாரிகள் எடுத்துக் கொடுக்கட்டும் என்று உத்தரவு. 2023இல் எடப்பாடி தரப்புப் பொருளாளர் திண்டுக்கல் சீனிவாசன் கைக்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஒரு கட்சியின் தலைமை யாரிடம் இருக்கிறது என்பதற்கு எல்லாரும் தேர்தல் ஆணையத்தின் வாசலைப் பார்த்தார்கள். நான் அந்தப் பெட்டகத்தின் வாசலைப் பார்த்தேன். கவசத்தை ஏந்துகிறவர் எவரோ அவர் தலைவர். செப்டம்பர் 11க்குப் பரமக்குடியில் மாலை போடும் உரிமை எனக்குத்தான் என்று இவர்களில் எவராவது நீதிமன்றப் படி ஏறினார்களா?

திண்டுக்கல் சீனிவாசன் என்றதும் ஞாபகம் வருகிறது. 2020 பிப்ரவரியில், வனத்துறை அமைச்சராக முதுமலை தெப்பக்காட்டுக்கு யானை முகாமைத் தொடங்கி வைக்கப் போனபோது, ஒரு பழங்குடிச் சிறுவனைக் கூப்பிட்டுத் தன் செருப்பின் வாரைக் கழற்றச் சொன்னவர். ஊரே பார்த்த காட்சி. பேரன் மாதிரி நினைத்துச் சொன்னேன் என்று பிறகு விளக்கம். சுற்றி நின்ற அதிகாரிகளிலும் பேரன் வயசுக்காரர்கள் இருந்திருப்பார்களே? அவர்கள் மேல் ஏன் பாசம் பொங்கவில்லை?

சரி, போட்டியாளர்களுக்கு வருவோம்.

இந்தக் கட்சியின் அமைப்பு ஜெயலலிதா காலத்தில் எப்படி இருந்தது? மேலே ஒரு பார்ப்பனப் பெண்மணி. நடுவில் தெற்கே முக்குலத்துத் தளபதிகள், மேற்கே கவுண்டர் தளபதிகள். அடியில் சேரி ஓட்டும் இன்னபிற ஏழை ஓட்டும். மேலே இருந்தவர் 2016 டிசம்பர் 5இல் போனார். அடியில் இருந்தவர்கள் அடியிலேயே இருக்க, நடுவில் இருந்தவர்கள் மேலே ஏற மல்லுக்கட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது. (சாதிப் பெயர் சொல்லி எழுதுகிறேன் என்று சிலருக்குச் சங்கடமாக இருக்கும். அந்தச் சாதியில் பிறந்த ஏழைச் சம்சாரியைப் பற்றி நான் பேசவில்லை. சாதியை மூலதனமாகப் போட்டு அரசியல் லாபம் பார்க்கிறவர்களைப் பேசுகிறேன்.) கூவத்தூர் விடுதியில் எம்.எல்.ஏக்களை அடைத்து வைத்தது, சமாதியில் நாற்பது நிமிஷத் தியானம், சமாதி மேல் மூன்று முறை ஓங்கி அடித்துச் சபதம், பிப்ரவரி 18இல் 122க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பு, ஆகஸ்டில் இணைப்பு, 2022 ஜூலையில் மறுபடி அடிதடி, நீக்கம். இத்தனை நாடகத்திலும் கொள்கை என்று ஒரு வார்த்தை இருந்ததா? நிலம், கூலி, கல்வி, சாதி ஆணவக் கொலை, ஏதாவது ஒன்றில் இவர் இப்படிச் சொன்னார், அவர் மறுத்தார் என்று உண்டா?

ஓ. பன்னீர்செல்வம். மூன்று முறை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர். பணிவு என்று அவருக்கு ஒரு பட்டம். உடம்பை வளைப்பது பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆயிரம் வருஷமாக வளைக்கப்பட்ட உடம்பு நம்முடையது. நம்ம உடம்பை அடித்து வளைத்தார்கள். இவர்கள் பதவிக்காக வளைத்தார்கள். ரெண்டும் ஒன்றில்லை. மேலே பார்த்து வளைகிறவன் கீழே பார்த்து நிமிர்கிறான். பரமக்குடியில் சுட்டபோது இவர் நிதியமைச்சர். 2024இல் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் பலாப்பழச் சின்னத்தில், பாரதிய ஜனதா தயவில் நின்றார். பரமக்குடி அந்தத் தொகுதிக்குள் வருகிறது. அந்த ஆறு பேர் சாவுக்கு அமைச்சரவையில் இருந்த தன் பங்கு என்ன என்று சொல்லி ஓட்டுக் கேட்டிருந்தால் அது அரசியல். அவருக்கு அப்போது இருந்த பெருங்கவலை வேறு: அதே தொகுதியில் அதே பெயரில் இன்னும் சில பன்னீர்செல்வங்கள் சுயேச்சையாக நின்றார்கள். எந்தப் பன்னீர்செல்வம் என்று ஜனங்களுக்கு அடையாளம் காட்டுவதிலேயே பிரச்சாரம் போயிற்று. தோற்றார்.

எடப்பாடி பழனிசாமி. ‘நானும் ஒரு விவசாயி’ என்பது இவருடைய மந்திரம். விவசாயி என்கிற சொல்லை மேற்கு மாவட்டத்தில் யார் சொல்லிக்கொள்ளலாம்? காடு தோட்டம் உள்ளவர். அந்தத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டி, ஏற்றம் இறைத்து, களையெடுத்த அருந்ததியர் விவசாயி இல்லை, கூலி. ஒரு சொல்லுக்குள் நிலமும் சாதியும் எவ்வளவு நைஸாக ஒளிந்துகொள்கிறது பாருங்கள். இவர் மேலும் பழியைச் சும்மா போடவில்லை. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் மேல் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் போலீஸ் துறையைக் கையில் வைத்திருந்த முதல்வர். அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை அதை ஏற்கவில்லை. 2021 பிப்ரவரி 26, தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சில மணி நேரம் முன்னால், வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றினார். உச்ச நீதிமன்றம் 2022இல் அதைச் செல்லாது என்றது. உள்ஒதுக்கீடு சரியா தப்பா என்பது தனி விவாதம். நான் சொல்வது வேகத்தை. ஒரு சாதி ஓட்டு வேண்டுமென்றால் ஒரே மத்தியானத்தில் சட்டம் போட முடிகிறது. 2012 நவம்பர் 7இல் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று ஊரில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுவீதியில் ஒரு பொறியியல் மாணவனை மனைவி கண் முன்னால் வெட்டினார்கள். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கொண்டுவா என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. பத்து வருஷத்தில் அதற்கு ஒரு மத்தியானம் கிடைக்கவில்லை.

சசிகலா, தினகரன் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஒருவர் பதவியே இல்லாமல் அதிகாரம் செய்து, சொத்துக்குவிப்பு வழக்கில் நாலு வருஷம் சிறையிருந்து வந்தவர். மற்றவர் ஆர்.கே.நகரில் குக்கர் சின்னத்தில் ஜெயித்தவர், பணம் பற்றி அந்தத் தொகுதிக்காரர்கள் சொல்வார்கள்.

‘இருந்தாலும் அண்ணே, திமுக மாதிரி குடும்பம் கிடையாதே. கிளைச் செயலாளரா இருந்தவர் முதல்வர் ஆக முடியுதே?’ இதுதான் கடைசியாக வரும் வாதம். ஆகட்டும். ஐம்பது வருஷத்தில் எந்தச் சேரியின் கிளைச் செயலாளர் அந்த நாற்காலிக்குப் போட்டியாளராகவாவது பேசப்பட்டார்? சட்டமன்றத்தில் 44 தனித்தொகுதி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதில் இலை துளிர்த்துத்தான் இவர்கள் கோட்டைக்குப் போனார்கள். ஒரே ஒரு பெயர் அடிபட்டது. ப. தனபால். அருந்ததியர், 2012 முதல் 2021 வரை பேரவைத் தலைவர். விளையாட்டில் அவருக்குக் கொடுத்தது நடுவர் வேலை. 2017 பிப்ரவரி 18இல் அவையில் சட்டை கிழிந்து நின்றபோது, ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவன் என்பதால்தான் இப்படி நடத்துகிறீர்களா என்று கேட்டார். (கேட்டது திமுக உறுப்பினர்களைப் பார்த்து. அந்தக் கேள்வி அவர்களுக்கும் பொருந்தும்தான்.) அதே ஆகஸ்டில் சசிகலாவின் தம்பி திவாகரன், தனபாலை முதல்வராக்கலாம் என்றார். தலித் மேல் திடீர்ப் பாசம் இல்லை. எடப்பாடியை அடிக்க ஒரு கம்பு தேவைப்பட்டது, கைக்குச் சேரிப்பக்கம் ஒன்று அகப்பட்டது. அதற்கு எடப்பாடி பக்கத்திலிருந்து வந்த பதில் மௌனம். பேச்சு ஒரு வாரத்தில் செத்தது. அடுத்த மாதம் தினகரன் பக்கம் போன 18 பேரைத் தகுதிநீக்கம் செய்யும் ஆணையில் கையெழுத்துப் போட மட்டும் தனபால் தேவைப்பட்டார்.

வங்கியில் தாட்கோ கடன் வாங்க வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மானியத்தை அரசு தரும், மிச்சத்தை வங்கி கடனாகத் தர வேண்டும். வங்கி அந்த விண்ணப்பத்தைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கும். ஜாமீன் கொண்டா, கொட்டேஷன் கொண்டா, அடுத்த வாரம் வா. அதனால் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளரைத் துணைக்கு அழைத்து வருவார்கள். அவர் வந்ததும் மேலாளர் அறையில் ஒரு நாற்காலி போடப்படும். உட்காருகிறவர் கிளைச் செயலாளர். நிற்கிறவர் கடன் வாங்குகிறவர். சட்டமன்றத்தில் ‘இத்தனை ஆயிரம் ஆதிதிராவிடர் பயனாளிகள்’ என்று மானியக் கோரிக்கையில் வாசிக்கிற எண்ணிக்கை எல்லாம் இப்படி நின்றவர்கள்தான். ஆட்சி மாறினால் கிளைச் செயலாளரின் கரைவேட்டி மாறும், நாற்காலியும் நிற்பதும் மாறாது. அதனால் என்னைத் திமுககாரன் என்று எழுதப்போகிறவர்கள் பேனாவை மூடி வைக்கலாம். 1968 வெண்மணியும் 1999 தாமிரபரணியும் 2022 வேங்கைவயலும் எந்த ஆட்சியில் என்று எனக்கும் தெரியும். அதை வேறு இதழில் இதே கைதான் எழுதும்.

கடைசியாக மேலவளவு. 1997 ஜூன் 30, ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் ஓடும் பேருந்தை நிறுத்தி வெட்டினார்கள். ஆறு பேர். முருகேசன் தலையை அறுத்துக் கிணற்றில் போட்டார்கள். தலித் ஒருவன் பஞ்சாயத்து நாற்காலியில் உட்கார்ந்தான் என்பதுதான் குற்றம். ஆயுள் தண்டனை பெற்றவர்கள் 17 பேர். அதில் மூன்று பேரை 2008இல் அண்ணா நூற்றாண்டு என்று திமுக அரசு விட்டது. மிச்சம் இருந்தவர்களில் 13 பேரை 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காக வகுத்த முன்விடுதலைத் திட்டத்தில், நன்னடத்தை என்று சொல்லி அதிமுக அரசு வெளியே விட்டது. நம்ம பாட்டி சாமி படத்தோடு மாட்டி வைத்தாளே, அந்த எம்.ஜி.ஆரின் நூற்றாண்டு. அரசாணையைக் கேட்டு நம்ம வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருந்தது. அப்போது முதல்வர் எடப்பாடி பழனிசாமி. துணை முதல்வர் ஓ. பன்னீர்செல்வம். கவசத்துக்கும் சின்னத்துக்கும் கட்சி அலுவலகச் சாவிக்கும் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறிய இந்த இருவருக்கும், அந்த அரசாணையில் ஒரு வரியில்கூட கருத்து வேறுபாடு வரவில்லை.